இடமறிந்து எழுதுதல்

நுழையும்முன்

மொழி ஒன்றே ஆயினும் அது வழங்கும் இடங்கள் பல. நண்பரிடம் பேசும் நடை வேறு. அவையில் பேசும் நடை வேறு. தேர்வுத்தாளில் எழுதும் நடை வேறு. இவ்வேறுபாட்டை உணராமல் ஓரிடத்துச் சொல்லை மற்றோர் இடத்தில் வழங்கினால் பொருள் மயங்கும். மாணவர்தம் ஆங்கிலக் கல்வி எழுத்தில் இளைஞர்களின் பேச்சுச் சொற்கள் கலப்பது பல நாடுகளில் ஆய்வுக்கும் விவாதத்துக்கும் உரிய பொருளாகியுள்ளது. அக்கலப்பின் காரணத்தையும் விளைவையும், அதனைக் கடக்கும் வழியையும் இப்பாடம் ஆராய்கிறது.

குழுவுக்குள் பிறக்கும் சொல்

ஒரே தொழிலை மேற்கொண்டோரும் ஒத்த வயதினரும் தமக்குள் சில சொற்களை ஆக்கி வழங்குவது எல்லா மொழிகளுக்கும் பொதுவான இயல்பாகும். தமிழ் இலக்கணம் இவ்வியல்பை முன்பே கண்டுணர்ந்தது. நன்னூல், தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகக் குழூஉக்குறியைக் கூறுகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் வழங்குதல் அதற்கு எடுத்துக்காட்டுகளாகும்.

ஆங்கிலத்தில் 'ஸ்லாங்' எனப்படுவது குழூஉக்குறிக்கு நெருங்கிய உறவுடையது. எனினும் இரண்டும் ஒன்றல்ல. குழூஉக்குறி பெரும்பாலும் பிறர் அறியாதவாறு ஒரு பொருளைச் சுட்டுவது. ஸ்லாங், பேசுவோர் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர் என்னும் நெருக்கத்தைக் காட்டுவது. அதனைக் 'கொச்சை' என்று பெயர்த்தலும் முற்றும் பொருந்தாது. செம்மையான சொல்லின் ஒலி சிதைந்து வழங்குவது கொச்சை. 'வாழைப்பழம்' என்பது 'வாளப்பளம்' ஆவது போன்றது. ஸ்லாங்கிலோ சொல்லின் ஒலி மாறாமலே பொருள் முற்றிலும் மாறுவதுண்டு. எனவே இப்பாடத்தில் அது 'குழுவழக்கு' என்று சுட்டப்படுகிறது.

'சிக்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நோயுற்ற என்பது பொருள். இளைஞர் வழக்கில் அச்சொல் 'மிகச் சிறந்த' என்னும் நேர்மாறான பொருளைத் தருகிறது. தொப்பியைக் குறிக்கும் 'கேப்' என்னும் சொல் பொய்யைக் குறிக்கிறது. 'நோ கேப்' என்றால் 'பொய்யில்லை, மெய்யே' என்பது பொருளாகும். இச்சொற்களைக் கேட்கும் நண்பர் குழப்பமடைவதில்லை. பேசுபவரின் குரலும் முகமும் சூழலும் பொருளை விளக்கிவிடுகின்றன. குழுவழக்கின் வலிமை இதுவே. அதன் எல்லையும் இதுவே.

பழைய கவலை

இளைஞரின் சொற்களால் மொழி கெடுகிறது என்னும் கவலை கைப்பேசியோடு தோன்றியதன்று. 'கல்லிவரின் பயணங்கள்' என்னும் நூலை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், 1710ஆம் ஆண்டு 'டாட்லர்' இதழில், தம் காலத்தார் சொற்களை வெட்டிச் சுருக்குவதைக் கண்டித்து எழுதினார். 'மாப்', 'பேன்ட்டர்' ஆகிய சொற்களின் பரவலைத் தடுக்கத் தாம் முயன்றும் இயலவில்லை என்று வருந்தினார். 'மாப்' என்பது, நிலையற்ற மக்கள்திரள் எனப் பொருள்படும் 'மோபிலே வல்கஸ்' என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கமாகும். இன்று அச்சொல் நாளிதழ்களிலும் வரலாற்று நூல்களிலும் தடையின்றி வழங்குகிறது. அதே கட்டுரையில் அவர் சுட்டிய, 'பாசிட்டிவ்' என்பதன் அக்காலச் சுருக்கமோ வழக்கிழந்து மறைந்தது.

1785ஆம் ஆண்டு ஃபிரான்சிஸ் குரோஸ் என்பவர், இலண்டன் தெருக்களிலும் படைவீரரிடையேயும் வழங்கிய சொற்களைத் தொகுத்துத் தனி அகராதியாகவே வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் 'ஓகே' என்னும் சொல்லும் விளையாட்டாகப் பிறந்ததே. 'ஆல் கரெக்ட்' என்னும் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் நகைச்சுவையாக வழங்கியது 1839ஆம் ஆண்டின் பாஸ்டன் நகர நாளிதழ் ஒன்று.

இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, குழுவழக்கு மொழிக்கு வந்த நோயன்று. அது புதுச்சொற்களின் நாற்றங்கால். இரண்டாவது, நாற்றங்காலில் முளைத்தவை அனைத்தும் வயலில் நடப்படுவதில்லை. ஒரு சொல் பலரிடமும் பரவி, பொது எழுத்தில் இடம்பெறும் வரை, அக்குழுவுக்கு வெளியே இருப்பவருக்கு அதன் பொருள் விளங்குவதில்லை.

தெரிந்து தெளிவோம்

வியப்பைக் குறிக்க இன்று இளைஞர்கள் குறுஞ்செய்தியில் வழங்கும் 'ஓ எம் ஜி' என்னும் சுருக்கம் புதியதன்று. பிரிட்டனின் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர், 1917ஆம் ஆண்டு வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் அதனைப் பயன்படுத்தியுள்ளார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் அது 2011ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றது. 2023ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அறிவித்த 'ரிஸ்' என்பது, பிறரை ஈர்க்கும் ஆற்றலைக் குறிக்கும் 'கரிஸ்மா' என்னும் சொல்லின் நடுப்பகுதியாகும்.

குறுஞ்செய்தியின் வரவு

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு செய்தியில் 160 எழுத்துருக்களே அடங்கும் என்னும் வரையறை இருந்தது. அக்காலக் கைப்பேசியில் ஒவ்வொரு விசையிலும் மூன்று அல்லது நான்கு எழுத்துகள் இருந்தன. 'எஸ்' என்னும் ஓர் எழுத்தைப் பெற ஏழாம் விசையை நான்கு முறை அழுத்த வேண்டும். இடமும் உழைப்பும் சுருங்க வேண்டியிருந்ததால் சொற்களும் சுருங்கின. 'நீ' எனப் பொருள்படும் 'யூ' ஒற்றை எழுத்தாயிற்று. 'டு' என்பதற்கு 2 என்னும் எண்ணும், 'ஃபார்' என்பதற்கு 4 என்னும் எண்ணும் வந்தன. உயிரெழுத்துகள் நீக்கப்பட்டு மெய்யெழுத்துகள் மட்டும் நின்றன.

இன்றைய கைப்பேசிகளில் அந்நெருக்கடி இல்லை. ஆயினும் சுருக்கங்கள் மறையவில்லை. இடத்தைச் சேமிக்கப் பிறந்தவை, இப்போது நட்புரிமையைக் காட்டும் அடையாளமாக நிலைத்துவிட்டன. எனவே குறுஞ்செய்திச் சுருக்கமும் குழுவழக்கின் ஒரு பகுதியாகிவிட்டது எனலாம்.

2006ஆம் ஆண்டு நியூசிலாந்தின் தேர்வு அமைப்பு, விடை தேவையான புரிதலைத் தெளிவாகக் காட்டுமானால், அதில் குறுஞ்செய்திச் சுருக்கங்கள் இருப்பினும் மதிப்பெண் வழங்கலாம் என்று அறிவித்தது. இவ்வறிவிப்பு பெரும் விவாதத்தை எழுப்பியது. தேர்வு அறிவைச் சோதிப்பதா, அறிவை வெளிப்படுத்தும் மொழியையும் சேர்த்துச் சோதிப்பதா என்பதே அவ்விவாதத்தின் மையமாகும்.

ஆய்வுகள் கூறுவன

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2008ஆம் ஆண்டு, 12 முதல் 17 வயது வரையிலான மாணவர்களின் எழுத்துப் பழக்கம் பற்றிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. பள்ளிப் பணிகளில் பெரிய எழுத்து, நிறுத்தற்குறி ஆகியவற்றின் முறைகளைச் சில வேளைகளில் கைவிடுவதாக 50 விழுக்காட்டினர் கூறினர். குறுஞ்செய்திச் சுருக்கங்களை எழுதியதாக 38 விழுக்காட்டினரும், முகக்குறிகளை இட்டதாக 25 விழுக்காட்டினரும் தெரிவித்தனர். அதே மாணவர்களுள் 86 விழுக்காட்டினர், நன்றாக எழுதும் திறன் வாழ்வில் வெற்றிபெற முக்கியமானது என்றும் கூறினர். நல்ல எழுத்தை மாணவர் மதிக்கவில்லை என்பது காரணமன்று என்பதை இவ்விரு முடிவுகளும் சேர்ந்து காட்டுகின்றன. பழகிய கை, இடம் மாறியதை உணராமல் எழுதிவிடுகிறது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

இளைஞரின் மொழியே சிதைந்துவிட்டது என்னும் கருத்தையும் ஆய்வுகள் ஏற்கவில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் 72 பதின்பருவத்தினர் இணையவழி அனுப்பிய செய்திகளைச் சாலி டாக்லியமான்டே, டெரக் டெனிஸ் ஆகிய மொழியியலாளர்கள் ஆராய்ந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அத்தொகுப்பில், இணையத்துக்கே உரிய சுருக்கங்கள் மூன்று விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று 2008ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுடைய 88 சிறாரை ஆராய்ந்தனர். சுருக்கங்களை மிகுதியாகக் கையாண்டோர் படிப்புத்திறனில் பின்தங்கியிருக்கவில்லை, முன்னணியிலேயே இருந்தனர். சொல்லைச் சுருக்கவும் அதன் ஒலியமைப்பை அறிந்திருக்க வேண்டும் அன்றோ!

ஆகவே, குழுவழக்கை அறிந்திருத்தல் குறையன்று. அதனை மட்டுமே அறிந்திருத்தல் குறையாகும்.

எழுத்தில் நேரும் இழப்பு

கல்விசார் எழுத்தில் குழுவழக்கு ஏன் பொருந்துவதில்லை? 'மரியாதைக் குறைவு' என்பது பலர் கூறும் விடை. அது முழுமையான விடையன்று. பேச்சில் கேட்பவர் எதிரே இருக்கிறார். விளங்கவில்லை எனில் வினவுகிறார். எழுத்தைப் படிப்பவரோ வேறிடத்தில், வேறு காலத்தில், எழுதியவரை அறியாதவராக இருக்கிறார். தாளில் உள்ள சொற்களன்றி அவருக்கு வேறு துணை இல்லை. அறிவியல் ஆய்வறிக்கையில் 'முடிவுகள் சிக்' என்று ஒரு மாணவர் எழுதினால், சோதனை வென்றதா தோற்றதா என்பதே படிப்பவருக்கு விளங்காது.

மற்றோர் இழப்பும் உண்டு. அது மேலும் ஆழமானது. தொழிற்புரட்சி பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், 'கிட்ஸ்' ஆலைகளில் 'டன்ஸ் ஆஃப்' மணிநேரம் வேலை செய்தனர், அது 'ரியலி பேட்' என்று ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். இத்தொடரில் இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால் செய்தியும் பெரிதாக இல்லை. 'கிட்ஸ்' எனப்பட்டோர் எவ்வயதினர்? 'டன்ஸ் ஆஃப்' என்பது எத்தனை மணிநேரம்? தீமை எத்தகையது? அதனைக் களைய யார் என் செய்தனர்?

இத்தொடரைச் செம்மையாக்க முனையும் மாணவர், சொற்களை மட்டும் மாற்றி நிறைவு பெற இயலாது. அவர் வரலாற்று நூலைத் திறக்க வேண்டும். பிரிட்டனில் 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பட்டாலைகள் நீங்கலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது என்பதை அவர் அறிவார். ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட சிறார் நாளொன்றுக்கு ஒன்பது மணிநேரத்துக்கு மேல் உழைத்தல் கூடாது என்று அச்சட்டம் வரையறுத்ததையும் அறிவார். ஒன்பது மணிநேர உழைப்பையே ஒரு சீர்திருத்தமாகக் கருத வேண்டியிருந்தது எனில், அதற்கு முன்பிருந்த நிலை எத்தகையது என்னும் வினா அப்போது அவருள்ளத்தில் எழும். அவ்வினாவிலிருந்தே உண்மையான கட்டுரை தொடங்குகிறது.

'டன்ஸ் ஆஃப்', 'ஸ்டஃப்', 'கைண்டா' போன்ற சொற்கள் அறியாமையை மூடும் திரைகளாக அமைந்துவிடுகின்றன. நண்பர்களிடையே 'எல்லாம் உனக்குத் தெரிந்ததுதானே' என்னும் குறிப்போடு வழங்கும் சொல், கட்டுரையில் 'எனக்கே தெரியாது' என்பதை மறைத்துவிடுகிறது. செம்மையான நடை வேண்டப்படுவது அழகுக்காக மட்டுமன்று, சிந்தனையின் தெளிவுக்காகவே.

மூன்று வினாக்கள்

ஒரு சூழலுக்கு ஏற்ற மொழிநடை, மூன்று கூறுகளால் உருவாகிறது என்று மொழியியலாளர் ஹாலிடே விளக்கினார். பேசப்படும் பொருள், பங்கேற்போரிடையே உள்ள உறவு, மொழி வெளிப்படும் முறை என்பன அவை. எழுதத் தொடங்கும் மாணவர் இவற்றை மூன்று வினாக்களாகக் கொள்ளலாம். எதைப் பற்றி எழுதுகிறேன்? யாருக்கு எழுதுகிறேன்? படிப்பவர் அருகில் இருக்கிறாரா, தொலைவில் இருக்கிறாரா?

வீட்டு மொழியும் குழுவழக்கும்

குழுவழக்கை ஒதுக்குவதாக எண்ணி, ஒரு சமூகத்தின் தாய்மொழி வழக்கையே இழித்துரைக்கும் தவறும் நேர்ந்துள்ளது. அமெரிக்காவின் ஆப்பிரிக்க வழியினர் பேசும் ஆங்கிலத்துக்கு உறுதியான இலக்கண ஒழுங்கு உண்டு. அதனைப் பிழைமலிந்த ஆங்கிலம் என்று கருதிய ஆசிரியர்களால், அம்மொழி பேசும் சிறார் கற்கும் ஆற்றல் குறைந்தோராகக் கணிக்கப்பட்டனர். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் இது வழக்காக நீதிமன்றத்தை அடைந்தது. சிறாரின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் உணர்ந்து, அவ்வறிவைக் கொண்டே பொது ஆங்கிலத்தைப் படிக்கக் கற்பித்தல் வேண்டும் என்னும் நோக்கில் 1979ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கப்பட்டது.

இன்று உலக இளைஞர் வழங்கும் குழுவழக்குச் சொற்கள் பலவும் இச்சமூகத்தின் பேச்சிலிருந்தும் இசையிலிருந்தும் பரவியவையே. எனவே 'இது இழிந்த சொல்' என்று திருத்துவதற்கும், 'இவ்விடத்துக்கு உரிய சொல் வேறு' என்று திருத்துவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. முன்னது மாணவரை வாயடைக்கச் செய்யும். பின்னது அவருக்கு இரண்டாவது நடை ஒன்றைக் கொடையாகத் தரும்.

தமிழ் மாணவரின் நிலை

பேச்சுக்கு ஒரு வழக்கும் எழுத்துக்கு ஒரு வழக்கும் கொண்டிருத்தலை 'இரட்டை வழக்கு' என்பர். இதனை விளக்கி 1959ஆம் ஆண்டு கட்டுரை எழுதிய சார்லஸ் ஃபெர்குசன், தமிழையும் அத்தகைய மொழிகளுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். 'வந்துட்டான்' என்று பேசும் தமிழ்ச் சிறுவர், 'வந்துவிட்டான்' என்று எழுதத் தொடக்கப்பள்ளியிலேயே பழகிவிடுகின்றனர். இடத்துக்கேற்ப நடையை மாற்றுவது அவர்களுக்குப் புதிதன்று.

ஆங்கிலத்தில் இது கடினமாவதற்குக் காரணம் உண்டு. தமிழில் இரண்டு நடைகளையும் கேட்டு வளரும் மாணவர், ஆங்கிலத்தைத் திரைப்படத்திலும் இணைய விளையாட்டிலும் சமூக ஊடகத்திலுமே மிகுதியாகக் கேட்கிறார். அங்கு வழங்குவது பெரும்பாலும் பேச்சுநடை. 'கன்னா', 'வான்னா' என்பவை 'கோயிங் டு', 'வான்ட் டு' என்பவற்றின் பேச்சு வடிவங்கள் என்பதை அறியாமலே அவற்றைப் பொது வடிவங்களாகக் கருதிவிடுகிறார். ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்டவர் தெரிந்தே விதியை மீறலாம். இவருக்கோ அங்கு ஒரு விதி உண்டு என்பதே தெரிவதில்லை. கல்லூரி விண்ணப்பத்திலும் பணிக்கான கடிதத்திலும் இவ்வேறுபாட்டை யாரும் விளக்கிக்கொண்டிரார். ஒரு சொல்லால் மதிப்பீடு குறைந்தும், எதனால் குறைந்தது என்பதை அம்மாணவர் அறியாமலே போகலாம். முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்வோருக்கு இவ்விழப்பு இன்னும் பெரிது.

திருத்தும் முறை

முதல் படியை எழுதும்போது கருத்து தடையின்றி ஓடட்டும். நண்பரிடம் கூறுவது போன்றே எழுதினாலும் குற்றமில்லை. இரண்டாம் படியில் ஒவ்வொரு குழுவழக்குச் சொல்லையும் அடிக்கோடிட்டு, 'இதனால் நான் குறித்தது என்ன?' என்று வினவ வேண்டும். விடை ஓர் எண்ணாகவோ பெயராகவோ காரணமாகவோ அமையும். அதனையே அச்சொல்லின் இடத்தில் எழுத வேண்டும். பின்னர் வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் நன்று. ஐயம் எழும் சொல்லை அகராதியில் நோக்கினால், பேச்சுவழக்கு என்றோ குழுவழக்கு என்றோ அங்கு குறிக்கப்பட்டிருக்கும்.

குழுவழக்கை நீக்குவதாக எண்ணி, பொருள் விளங்காத பெருஞ்சொற்களை அடுக்குதலும் பிழையே. எளிய சொல் போதுமான இடத்தில் நீண்ட சொல்லை இடுதல் கூடாது என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் வலியுறுத்தினார். செம்மைக்கு எதிரானது எளிமையன்று, தெளிவின்மையே ஆகும்.

கதைகளிலும் நாடகங்களிலும் மாந்தரின் உரையாடலிலும் குழுவழக்குக்கு உரிய இடம் உண்டு. அங்கு அது வாழ்வின் குரலாக ஒலிக்கிறது. ஒரு மாணவர் நண்பரிடம் நண்பராகவும், அறியாத படிப்பாளரிடம் பொறுப்புள்ள எழுத்தாளராகவும் விளங்க இயலும். இரண்டு நடைகளையும் உடையவருக்கே எதனை எங்கு வழங்குவது என்னும் தெரிவு கிடைக்கிறது. அத்தெரிவை அளிப்பதே மொழிக்கல்வியின் பயன்.

கற்பவை கற்றபின்

1. நண்பருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்றின் கருத்தைத் தலைமையாசிரியருக்கு எழுதும் ஆங்கில விண்ணப்பமாக மாற்றி எழுதுக. மாறிய சொற்களைப் பட்டியலிட்டு, மாற்றத்துக்கான காரணத்தை வகுப்பில் விளக்குக.

2. உங்கள் பகுதியில் தொழில் செய்வோரிடம் வழங்கும் குழூஉக்குறிகளைத் தொகுத்து, ஆங்கிலக் குழுவழக்குச் சொற்களோடு ஒப்பிடுக.

3. 'தேர்வில் குறுஞ்செய்திச் சுருக்கங்களுக்கு மதிப்பெண் வழங்கலாமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா

1. குழுவழக்கும் கொச்சையும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ஹாலிடே கூறும் மூன்று கூறுகள் யாவை?

சிறுவினா

1. ஸ்விஃப்ட்டின் கவலையும் 'மாப்' என்னும் சொல்லின் வரலாறும் உணர்த்தும் உண்மை யாது?
2. ஆன் ஆர்பர் தீர்ப்பு ஆசிரியர்க்குக் கூறும் நெறியை விளக்குக.

நெடுவினா

'செம்மையான நடை வேண்டப்படுவது சிந்தனையின் தெளிவுக்காகவே' என்னும் கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு நிறுவுக.